கறுப்புக் கரை போட்ட முப்பது கடுதாசிகள்

"கம்ப்யூட்டர்ப் பொட்டிக்குள்ள இருக்கவன் வந்தா நம்ம ஊர்ப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக் குடுக்கப் போறான்? போ பிள்ள, சோலியப் பாரு. ரெண்டாயிரம் பொறந்தா அந்தப் பொட்டியே நின்னுரும்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

பீடிக்கடை செல்லையா அண்ணாச்சி என்னைப் பார்த்து இப்படிச் சொன்னபோது, சுற்றிய பீடியைக் கொடுக்க வந்த பெண்கள் இருபது பேர் கடைமுன் வரிசையில் நின்றிருந்தார்கள். இருபது பேரும் சிரித்தார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. (சிரிக்கவில்லை என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறாள். நான் பார்த்தேன். பல் தெரிந்தது.)

அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், எங்கள் ஊரில் முப்பது குடும்பங்கள் ஒரே காலையில் ஆற்றில் இறங்கித் தலைமுழுக வேண்டிய அவசியம் வந்திருக்காது. ஆனால் நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் பி.எஸ்ஸி. கணிதம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். அந்த நாட்களில் அது பெருமையாக இல்லை, வியாதியாக இருந்தது. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் "இசக்கியம்மாள், பி.எஸ்ஸி." என்பேன். "சீனியா மண்ணெண்ணெயா, அதச் சொல்லு" என்பார் கடைக்காரர். பட்டம் வாங்கியது போதாது என்று, பாளையங்கோட்டையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் வேறு சேர்ந்திருந்தேன். முக்கூடல் பஸ்ஸில் தினமும் போய் வருவேன். சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காக வருவார்கள். ஆறில் பாடம் கடினமாகும். அதே வயதில்தான் பெண்பிள்ளைகளின் விரல் பீடி சுற்றப் பழகும். இலையும் தூளும் வைத்து மடியில் ஏந்திக்கொள்ளும் முறத்தை எங்கள் பக்கம் தட்டு என்போம். ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்று வருஷத்தைத் தாண்டிய பிள்ளை பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும். தாண்டாத பிள்ளையின் மடியில் தட்டு ஏறும். ஏறினால் இறங்காது.

அப்படித் தட்டு ஏறவிருந்தவள் சந்தனமாரி. ஏழாம் வகுப்பு. வாயால் கேட்டால் எந்தக் கணக்குக்கும் விடை சொல்வாள். புத்தகத்தைக் கொடுத்தால் முகம் வெளுத்துவிடும். "எழுத்தெல்லாம் எடம் மாறி மாறி உக்காருதுக்கா" என்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் மூன்று மாதம் அவளைத் திட்டித் திட்டித்தான் படிக்க வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவள் அப்பா சுடலைமுத்து வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். எனக்கு மாமா முறை. ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏழு வருசமா எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைய இன்னும் என்னத்துக்குட்டி அனுப்பணும்? திங்கக்கெழமையில இருந்து அவ அம்மைகூடத் தட்டுல உக்காரட்டும்" என்றார்.

"ஒரு ரெண்டு வாரம் பொறுங்க மாமா."

"பொறுத்தா?"

"நான் கம்ப்யூட்டர்ல கேட்டிருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சரி, ரெண்டு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்றார். அதைக் கேள்விப்பட்டுத்தான் பீடிக்கடை அண்ணாச்சி மேலே சொன்ன கேள்வியைக் கேட்டது.

நான் கேட்டிருந்தது உண்மை. திருநெல்வேலி ஜங்ஷனில் முதல் பிரவுசிங் சென்டர் திறந்த வருஷம் அது. பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்த தமிழ் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒருவருக்கொருவர் ஈமெயிலில் எழுதிக்கொள்ளும் குழு ஒன்று அங்கே என் கண்ணில் பட்டது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். நானும் அப்படியே சந்தனமாரியைப் பற்றி அடித்து அனுப்பினேன். நான்காம் நாள் மலேசியாவிலிருந்து பரமேஸ்வரி என்ற அம்மாவின் பதில் வந்திருந்தது.

'உங்கள் சந்தனமாரி மாதிரியேதான் என் மகனும். அந்தப் பிள்ளைக்கு அறிவில் குறை இல்லை. எழுத்தை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, அதற்குச் சொல்லிக்கொடுக்கும் விதமும் வேறு. நீங்கள் தனியாகக் கிடந்து திண்டாட வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கமே எங்கள் குழுவில் கிரேஸ் என்று ஒரு டீச்சர் இருக்கிறார், பாளையங்கோட்டையில்.'

கிரேஸ் டீச்சரின் வீட்டைத் தாண்டித்தான் நான் தினமும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். வாசலில் செம்பருத்திச் செடி நிற்கும். இரண்டு தடவை பூப் பறித்திருக்கிறேன். அந்த வீட்டுக் கதவைத் தட்ட என் கேள்வி கடல் தாண்டி மலேசியா போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரச் சம்மதித்தார். "அந்தப் பிள்ளையோட அப்பாவை மட்டும் கூப்பிடாதே. தனியா நிக்க வச்சா மனுஷன் முறுக்கிக்குவார். எல்லாப் பிள்ளைகளோட அம்மா அப்பாவையும் வரச் சொல்லு" என்றார். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் சேர்த்து முப்பது வீடு. மறுநாள் திங்கட்கிழமைதான் மாமா கொடுத்த கெடு. அந்த ஒரு ஞாயிறை விட்டால் சந்தனத்துக்கு வேறு ஞாயிறு கிடையாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை பெற்றோர் கூட்டம் என்று எதுவும் நடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சாவி தர ஹெட்மாஸ்டர் சம்மதித்துவிட்டார். முதல் கூட்டம், அதை நடத்துவது நான். சும்மா வாயால் சொல்லி அழைக்கலாமா? படித்தவள் செய்கிற காரியமா அது? முறையாகக் கடிதம் எழுத முடிவு செய்தேன். அரைத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக எழுதினேன். பிள்ளையின் பெயர் வர வேண்டிய இடத்தை நட்டநடுவில் காலியாக விட்டேன்.

'அன்புடையீர், நம் அன்புச் செல்வம் ............... பொருட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் நமது பள்ளிக்கூடத்தில் நடைபெறும் நிகழ்ச்சியில் தாங்கள் குடும்பத்துடன் தவறாது வந்து கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்ஙனம், ச. இசக்கியம்மாள், பி.எஸ்ஸி.'

இதில் பி.எஸ்ஸி. மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு சுற்றுப் பெரிது.

வியாழக்கிழமை ஜங்ஷனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். அங்கே மெஷினின் மூடி உடைந்து, திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. என் தாள் சின்னது, கண்ணாடி பெரிது. முதல் பிரதி வெளியே வந்தபோது நாலு பக்கமும் பட்டையாகக் கறுப்பு விழுந்திருந்தது.

"சுத்திக் கறுப்பு விழுது, பரவாயில்லையா?" என்று கடைக்காரர் கேட்டார். நல்ல மனுஷன். கேட்கத்தான் செய்தார்.

நான் தாளைக் கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தேன். எனக்கு என் பட்டச் சான்றிதழ்தான் ஞாபகம் வந்தது. அதற்கும் இப்படித்தான் சுற்றிக் கரை போட்டிருக்கும்.

"இருக்கட்டும் சார். எடுப்பாத்தான் இருக்கு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியக் கடுதாசி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். ஓரத்தில் கறுப்பு அடித்திருந்தால் அது சாவுச் சேதி, கருமாதிக் கடுதாசி. அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே வைத்துப் படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகப் போவார்கள். இது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவுக்கே கருமாதிக் கடுதாசி படித்துச் சொன்னவள் நான்தான். தெரியும். ஆனால் அந்தத் தாளில் என் கண் கடைசி வரியை விட்டு நகரவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிளம்பினேன். பெண்கள் பீடிக்கடைக்கும், ஆண்கள் வயலுக்கும் வாழைக்கும் போயிருந்த நேரம். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கடுதாசியை வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தேன். நடுவில் பிள்ளையின் பெயரைக் கறுப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். முப்பது வாசல், முப்பது கல். பஸ் ஏறும்போது எனக்கே என் சுறுசுறுப்பை நினைத்து மூச்சு முட்டியது.

மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். சேரன்மகாதேவியில் ஒரு பெரியம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் வாழையிலையில் சுற்றிய பெரிய மாலை. கண் சிவந்திருந்தது.

"எந்த ஊருக்குப் பெரியம்மா?" என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"துட்டிக்குத் தாயி, சாவு வீட்டுக்கு. என் நாத்தனா மக. எட்டாப்புப் படிக்கா. செல்வின்னு பேரு. காலையில கடுதாசி வந்துட்டாம். போன் போட்டுச் சொன்னாவ."

செல்வி என்னிடம் பாடம் படிக்கிற பிள்ளை. முந்தின நாள் சாயங்காலம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லிவிட்டு என்னிடம் குட்டு வாங்கியவள். குட்டிய விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டேன்.

பின் ஸீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவர் கையிலும் மாலை. "நாங்களும் அந்த ஊருக்குத்தான். எங்க வீட்டுப் பிள்ள ஆறாப்பு" என்றார்.

டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர் திரும்பாமலே சொன்னார்: "ஏழாப்புலயும் ரெண்டு மூணு உண்டுங்காவ."

காலையில் நான் ஊரை விட்டு வரும்போது எல்லாப் பிள்ளைகளும் நன்றாகத்தானே இருந்தார்கள்? பள்ளிக்கூடத்துச் சுவர் இடிந்திருக்குமா? சத்துணவில் ஏதாவது விழுந்திருக்குமா? ஆற்றுக்குக் கூட்டிப் போனார்களா? சந்தனம்? நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். முப்பது பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதேன். (வருகைப் பதிவேட்டு வரிசையில் அழுததாக அந்தப் பெரியம்மா பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.) பஸ்ஸே என்னோடு சேர்ந்து அழுதது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றார்.

"என்ன ஆச்சாம் பெரியம்மா? கடுதாசியில என்ன எழுதியிருந்துச்சாம்?"

"யாரு படிச்சா? சுத்திக் கறுப்பு அடிச்சு, நடுவுல பிள்ள பேர எழுதியிருக்கு. அதுக்கு மேல படிக்க என்ன இருக்கு?"

என் அழுகை அப்படியே நின்றது.

மெல்ல என் பையைத் திறந்தேன். ஒரு பிரதி அதிகமாக எடுத்து, என் வீட்டில் சட்டம் போட்டு மாட்டுவதற்காக வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்து முதன்முதலாக ஓரங்களைப் பார்த்தேன்.

பெரியம்மாவும் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ தாயி! ஒனக்குமா வந்துட்டு?"

ஊர் வந்தது. பஸ் நிறுத்தத்தில் செல்வி நின்று குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருந்தாள். "ஏ அத்தே" என்று அவள் ஓடி வந்ததும், மாலையோடு இறங்கிய பெரியம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கடைசியாக இறங்கினேன். இறங்கவே வேண்டாம், பஸ் போகிற இடத்துக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்டக்டர்தான், "எறங்கு பிள்ள, ஒங்க ஊருதானே" என்று இறக்கிவிட்டார்.

தெரு முழுக்கத் துண்டு துண்டாகக் கிழிந்த என் கையெழுத்து. வாசலுக்கு வாசல் ஈரத்தலையோடு ஆட்கள். காலையில் நடந்ததை ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லிக் கத்தினார்கள். கடுதாசியைப் பார்த்த பெண்கள் அலறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். பிள்ளைகள் உயிரோடு இருப்பதைப் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பிறகு, வந்த தோஷம் போகட்டும் என்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய் ஆற்றில் முங்கியிருக்கிறார்கள். சாவுச் சேதியை வெளியூருக்குப் போன் போட்டுச் சொன்னவர்களுக்கு, பிழைத்த சேதியைச் சொல்லத் தோன்றவில்லை.

"மூதி! உசுரோட இருக்க பிள்ளைக்குக் கருமாதிக் கடுதாசியா அடிக்க?"

"படிச்ச திமிருட்டி ஒனக்கு!"

பீடிக்கடை அண்ணாச்சி ஒரு துண்டுத்தாளைத் தூக்கிப் பிடித்தார். அதில் பி.எஸ்ஸி. என்பது மட்டும் கிழியாமல் இருந்தது. "கம்ப்யூட்டர் செஞ்ச வேலையப் பாத்தியளாவே?" என்றார். கம்ப்யூட்டர் அல்ல, ஜெராக்ஸ் என்று நான் விளக்கப் போனேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அன்று எனக்கு அடி விழாமல் போனது அந்தக் கையால்தான்.

எல்லாருடைய கோபத்தையும் தாங்கிக்கொண்டிருப்பேன். சுடலைமுத்து மாமா கோபப்படவில்லை. அவர் கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றார்.

"லோடு ஏத்திக்கிட்டிருந்தேன். சேதி கேட்டதும் அப்படியே தாரப் போட்டுட்டு ஓடியாந்தேன். பள்ளிக்கூடத்துல எம்மவள எங்கன பாத்தேன் தெரியுமா? வெளிய, வெயில்ல, முட்டி போட்டுக்கிட்டு இருந்தா. வாசிக்கத் தெரியலயாம். நெதமும் அங்கனதானாம். எங்கிட்டச் சொன்னதே இல்ல." தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இதுக்காட்டி பிள்ளைய அனுப்பச் சொன்ன? அவ இனி போக மாட்டா."

திங்கட்கிழமை ஏற வேண்டிய தட்டு வெள்ளிக்கிழமையே ஏறிவிட்டது. நான் அவர் வீட்டு வாசலைப் பார்த்தேன். சந்தனம் அம்மாவின் பக்கத்தில் தலையைக் குனிந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. அவளுக்காக நான் செய்த ஒரே காரியம், அவள் படிப்பை மூன்று நாள் முன்னாலேயே நிறுத்தியதுதான்.

அன்று சாயங்காலம் நான் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். அம்மா வந்து என் தலையில் தட்டினாள்.

"ஏட்டி, எந்திரி. ஞாயித்துக்கெழம கூட்டம் உண்டா இல்லையா?"

"யாரும்மா வருவா?"

"கடுதாசிய வாசல்ல போட்டுட்டுப் போனா யாரு வருவா? நேர்ல போயி நின்னு வாயத் தொறந்து கூப்புடணும். கல்லு வச்சுட்டா போவாவ? ஒனக்கு யாரு படிப்புச் சொல்லிக் குடுத்தது?"

சனிக்கிழமை காலை தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை வைத்து அம்மா முன்னால் நடந்தாள். நான் பின்னால். முப்பது வீடு. முதல் நாலு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஐந்தாவது செல்வியின் வீடு. மாலையோடு வந்த பெரியம்மா அங்கேதான் தங்கியிருந்தாள். (துட்டிக்கு என்று நான்கு நாள் துணி கொண்டுவந்துவிட்டாளாம்.) "இது என்கூட அழுத பிள்ளைலா" என்று அவள்தான் கதவைத் திறந்து குங்குமத்தை எடுத்துக்கொண்டாள். "சாவுச் சேதி வந்து பொழைச்ச பிள்ளைக்கு ஆயுசு கெட்டி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேட்டேன். பி.எஸ்ஸி. என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

சுடலைமுத்து மாமா குங்குமத்தை எடுக்கவில்லை. "வாறேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. முப்பது வீட்டு ஆட்கள், துட்டிக்கு வந்து தங்கிவிட்ட சொந்தக்காரர்கள், என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர்கள். "இவ்வளவு பேர் வருவாங்கன்னு நீ சொல்லலையே" என்று டீச்சர் வியந்தார். எப்படி வந்தார்கள் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. மாமா கடைசியில், தூணில் சாய்ந்து நின்றார். சந்தனம் அவர் பின்னால் நின்றாள்.

டீச்சர் அவளைக் கூப்பிட்டார். "இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டுன்னா, ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டும்மா?"

"நாப்பது" என்றாள் சந்தனம், கேள்வி முடிவதற்குள்.

"இது எங்க கடைக் கணக்கு. இதுக்கு எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்?" என்று செல்லையா அண்ணாச்சி குரல் கொடுத்தார். கூட்டம் சிரித்தது.

டீச்சர் ஒரு அட்டையை எடுத்தார். நடுவில் ஒரு வரி அளவுக்கு வெட்டப்பட்ட ஓட்டை. அதைப் புத்தகத்தின் மேல் வைத்தார். ஒரு வரி மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. "பைய வாசி. அவசரமில்லை" என்றார். சந்தனம் விரலை வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. யாரோ உச்சுக் கொட்டினார்கள். பிறகு ஒரு சொல் வந்தது. இன்னொன்று. நான்காவது சொல்லில் நின்றுவிட்டாள். நின்ற இடத்திலேயே கண்ணீர் விட்டாள். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த அதிசயம் எதுவும் நடக்கவில்லை.

மாமா முன்னால் வந்தார். "டீச்சர், நீங்க நல்லதத்தான் சொல்லுவிய. அது ஒங்க வேல. இசக்கி, நீ சொன்னியே அந்த மலேசியாக்கார அம்மா, அவிய மவன் இப்ப என்ன செய்யுதான்? அத மட்டும் கேட்டுச் சொல்லு. அதுவரைக்கும் பிள்ள தட்டுலயே இருக்கட்டும்."

திங்கட்கிழமை ஜங்ஷனுக்கு ஓடினேன். பிரவுசிங் சென்டரில் லைன் செத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமைதான் கேள்வியை அனுப்ப முடிந்தது. புதன் பதில் இல்லை. வியாழனும் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் மாமா வீட்டு வழியாகத்தான் நான் போக வேண்டும். அவர் கேட்க மாட்டார், பார்ப்பார். சந்தனத்தின் கையில் இலை வெட்டும் வேகம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸில் வரும்போது நானே ஒரு பதிலை எழுதினேன். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த மகனை இன்ஜினியர் ஆக்கினேன். போதாது என்று தோன்றியது. சேரன்மகாதேவி வந்தபோது டாக்டர் ஆகிவிட்டான். இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்திருந்தால் மந்திரி ஆகியிருப்பான். இறங்கும்போது தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டேன். முப்பது பொய்ச் சேதியை ஊருக்குள் விட்டவள், முப்பத்தொன்றாவதையும் விட வேண்டாம் என்று இருந்தது. நான் கொஞ்சம் நல்லவளாக நடந்துகொண்டது அந்த வாரத்தில் அந்த ஒரு இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை பதில் வந்திருந்தது. படித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. முந்தின நாள் கசக்கிய தாளை மறுபடியும் நீவி எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் உண்மையான பதிலையே கையால் எழுதிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்று வாசித்தேன்.

'அவனுக்கு இப்போது பத்தொன்பது வயது. கார் ரிப்பேர் வேலை படிக்கிறான். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். கடிதம் எழுதப் பிடிக்காது, போன்தான் செய்வான். பள்ளிக்கூடத்தில் தினமும் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறான். இரண்டு வருஷம் எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று அவனோடு போய் நானும் வெளியே நின்றேன். அதன் பிறகு அவனை அவர்கள் வெளியே நிறுத்தவில்லை.'

மாமா, "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். உள்ளே தட்டில் வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"மெதுவாத்தான் வாசிக்கான்னு அவியளே சொல்லுதாவ" என்றார் மாமா. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "திங்கக்கெழம எத்தன மணிக்கு மணியடிப்பாவ?"

திங்கட்கிழமை அவர் லோடு ஏற்றப் போகவில்லை. ஏழாம் வகுப்புக்கு வெளியே, சந்தனம் முட்டிபோட்ட அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு சாயங்கால மணியடிக்கும் வரைக்கும் நின்றார். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தனம் வகுப்புக்குள் இருந்தாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சந்தனம் இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. வாசிப்பது மெதுவாகத்தான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூட்டம் நடக்கிறது. அம்மாக்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு போய்க் குழுவுக்கு அடித்து அனுப்புகிறேன். என் மானம் மட்டும் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் நான் எந்தத் தாளை நீட்டினாலும் அப்பா வாங்க மாட்டார். "மொதல்ல நாலு ஓரத்தையும் காட்டு" என்பார். கரண்ட் பில்லுக்கும் இதே மரியாதைதான். ஊரில் யாராவது நன்றாக அழுதால், "இசக்கி பஸ்ஸுல அழுத மாதிரி" என்கிறார்கள். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா முதலில் சொன்னது என் படிப்பை அல்ல, இந்தக் கதையைத்தான். அவர்கள் சிரித்து முடிக்கக் காப்பி ஆறிவிட்டது.

போன வாரம் குழுவில் புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், கூட வேலை செய்கிறவரைக் கொண்டு அடித்து அனுப்பியிருந்தார். மகள் ஆறாம் வகுப்பாம். எழுத்து இடம் மாறுகிறதாம். நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார். அதைச் சுடலைமுத்து மாமாவிடம் வாசித்துக் காட்டி, "என்ன பதில் எழுதட்டும் மாமா?" என்றேன்.

"எழுதுததெல்லாம் அப்பொறம். ஆம்பள கேட்டிருக்கான், ஆம்பளதான் போயிச் சொல்லணும். அட்ரஸக் கேளு."

நேற்று இருவரும் பஸ் ஏறிப் போனோம். அந்த மனுஷர் வேலை முடிந்து வரும்வரை அவர் வீட்டு வாசலில் காத்திருந்தோம். மாமா அவரோடு அரைமணி நேரம் பேசினார். என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. கிளம்பும்போது அந்தப் பிள்ளையின் அம்மாவை நான் கூட்டத்துக்கு வாயால் அழைத்தேன். வருகிற ஞாயிறு ஜங்ஷனில் அவர்கள் ஏற வேண்டிய முக்கூடல் பஸ்ஸின் நேரத்தை அந்தப் பிள்ளையிடம் சொல்லி, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.